இன்னைக்கு என்ன மீன்பாடு? கோடைக் கடற்கரைப் பயணம்: கேள்வி பதில்

பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டு, ‘கோடையில் கடற்கரைக்குப் போகிறவர்கள் டீச்சரிடம் கேளுங்கள்’ என்று போன இதழில் ஆசிரியர் அறிவித்துவிட்டார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான். எனக்கும் அதுதான் வசதி.

மே முதல் வாரம் தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் குடும்பத்தோடு போகிறோம். அது மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்கள். அப்படியானால் மீனே கிடைக்காதா? பயணத்தைத் தள்ளிப் போடலாமா?
– வாசகி, ஈரோடு

தள்ளிப் போட வேண்டாம். மீன் கிடைக்கும். நீங்கள் மனதில் வைத்திருக்கிற மீன் கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுகிற காலம் என்பதால் இந்தத் தடை. தமிழ்நாட்டில் 2001-இல் ஆரம்பித்தபோது 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள் ஆக்கிவிட்டார்கள். ஆனால் நாட்டுப்படகு, வள்ளம், கட்டுமரம் இவற்றுக்குத் தடை கிடையாது. இவர்கள் பக்கத்துக் கடலுக்குப் போய், விடிவதற்குள்ளோ முற்பகலுக்குள்ளோ திரும்பிவிடுவார்கள். அதனால் தடைக்காலத்தில் கரைக்கு வருகிற மீன் கொஞ்சம்தான், விலையும் கூடுதல்தான். ஆனால் ஐஸில் பல நாள் கிடக்காத மீன். வருஷத்தில் மற்ற பத்து மாதம் கடற்கரைக்குப் போகிறவர்களுக்குக்கூட இப்படி அமைவது லேசில் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நாம் ஓட்டலில் உட்கார்ந்ததும் “வஞ்சிரம் இருக்கா?” என்று கேட்கிறோமே, அங்கே. இருக்கும். கேட்பவர் இருக்கிற வரைக்கும் இருக்கும். அது எந்த மாநிலத்திலிருந்து எத்தனை நாள் ஐஸ் பெட்டியில் வந்தது என்று சப்ளை செய்கிறவருக்கே தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருஷத்துக்கு முன் என் நாத்தனார் குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து மே மாதம் வந்தார்கள். ‘எங்க ஊருக்கு வந்துட்டு வஞ்சிரம் சாப்பிடாம போறதா’ என்று வீறாப்பாக ஒரு சாலையோர ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். தோசைக்கல் அகலத்துக்குத் துண்டு, மேலே செக்கச்செவேல் என்று மசாலா. ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் முகமெல்லாம் சிவந்து, உடம்பு அரித்து, வாந்தி. டாக்டர் பார்த்துவிட்டு, மீன்தான் காரணம் என்றார். சூரை, அயிலை, வஞ்சிரம் போன்ற மீன்கள் பிடித்த பிறகு சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. மசாலா வாடையைத்தான் மறைக்கும். மீன்காரி மகள் நான். என் கையாலேயே பிள்ளைகளுக்கு எடுத்து வைத்தேன். நாத்தனார் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார். சொல்லட்டும், நியாயம்தான்.

அதற்கப்புறம் நான் எந்த ஊரில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் மீன் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. “இன்னைக்கு என்ன மீன்பாடு?” என்றுதான் கேட்பேன். மீன்பாடு என்றால் அன்றைக்கு வலையில் பட்டது. கடைக்காரர் முகத்திலேயே ஒரு மாற்றம் தெரியும். “சாளை நல்லா பட்டிருக்கு டீச்சர்” என்பார், “கிழங்கான் கொஞ்சம் வந்துச்சு” என்பார். நெத்திலி, சாளை, முரல், காரப்பொடி, கிழங்கான் என்று சின்ன மீனாகத்தான் இருக்கும். முள் இருக்கும். பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு நெத்திலி இருக்கவே இருக்கிறது, தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு முள்ளோடு மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள்.

தங்குமிடத்தில் சமையல் வசதி இருந்தால் இன்னும் நல்லது. காலை ஆறு மணிக்குக் கரைக்கு நடந்து போங்கள். வள்ளம் வந்ததும் ஏலம் நடக்கும். ஏலம் எடுத்த பெண்கள் அங்கேயே மணலில் கூறு போட்டு விற்பார்கள். கிலோக் கணக்கு பேசாதீர்கள், கூறு என்ன விலை என்று கேளுங்கள். பேரம் பேசலாம். ஆனால் பாதிக்குப் பாதி கேட்டால் அவர்கள் திருப்பித் தருகிற பதில் இந்தப் பத்திரிகையில் அச்சிடத் தக்கதாக இருக்காது.

நாங்கள் ஜூன் இரண்டாம் வாரம்தான் போக முடியும். குமரி மாவட்டம் பரவாயில்லையா?
– வாசகர், திண்டுக்கல்

குமரி மாவட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கு, அங்கே ஜூன் 14 வரை விசைப்படகு கட்டிக் கிடக்கும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு, அங்கே ஜூன் 1-இல் ஆரம்பித்து ஜூலை 31 வரை. ஆகவே மே மாதம் போயிருந்தால் குளச்சல் பக்கம் பெரிய மீன் கிடைத்திருக்கும். நீங்கள் போகிற இரண்டாம் வாரத்தில் இரண்டு பக்கமும் கட்டு. நாலு நாள் தள்ளி, 15-ஆம் தேதிக்குப் பிறகு போக முடிந்தால் சின்னமுட்டத்தில் படகுகள் திரும்புகிற கூத்தைப் பார்க்கலாம். இல்லையென்றாலும் ஒன்றும் நஷ்டமில்லை, மழை தொடங்கி ஊரே பச்சையாக இருக்கும். மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அவித்து, சாளைப் புளிமுளம் என்கிற மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். சோறு கேட்க மாட்டீர்கள்.

மீன் புதிதா என்று பார்க்கச் சுலபமான வழி சொல்லுங்கள். ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, திருப்பூர்

கண் தெளிவாக, புடைத்து இருக்க வேண்டும். குழி விழுந்து வெள்ளை படர்ந்திருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். மூன்றையும் விட மூக்குதான் முக்கியம். புது மீனில் கடல் வாடைதான் அடிக்கும், நாற்றம் அடிக்காது. நண்டு வாங்கினால் கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்குத் தக்க கனம் இருக்க வேண்டும். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் நண்டு என்று எங்கள் அம்மா சொல்வாள். ஆனால் அமாவாசை வரை காத்திருந்து அவள் நண்டு சமைத்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் சைவம். கடற்கரை ஊருக்குப் போனால் தயிர் சாதம் பொட்டலத்தோடு திரும்ப வேண்டியதுதானா?
– வாசகர், சென்னை

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கடற்கரை என்றால் மீன் மட்டும் என்று யார் சொன்னது? தென்கரை முழுக்கப் பனை நிற்கிறதே. கோடைதானே பனையின் காலம்!

விடிகாலையில் பனையேறுகிறவர் பாளையைச் சீவி, நேற்றுக் கட்டிய கலயத்தை இறக்குவார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருக்கும். சுண்ணாம்பு இருந்தால் பதனீர், இல்லாவிட்டால் புளித்துக் கள். இவ்வளவுதான் வித்தியாசம். காலை எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். பனை ஓலையை மடக்கிப் பட்டை கட்டி, அதில் ஊற்றிக் கொடுப்பார்கள். இளநுங்கு இரண்டை நோண்டி அதிலேயே போடச் சொல்லுங்கள். ஓலை வாசனை, சுண்ணாம்பின் லேசான காரம், அடியில் வழுக்கிக்கொண்டு வருகிற நுங்கு. இதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் குடிப்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு எச்சரிக்கை. பதினொரு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் கேனில் வைத்து ‘பதனீர்’ என்று எழுதிப் போட்டிருப்பதில் பாதி சர்க்கரைத் தண்ணீர். பக்கத்தில் பனை நிற்கிறதா, பாளையில் கலயம் தொங்குகிறதா என்று தலையைத் தூக்கிப் பாருங்கள். அதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

பதனீரைக் காய்ச்சி, கொட்டாங்குச்சியில் ஊற்றி எடுத்தால் கருப்பட்டி. திருச்செந்தூர் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. சுக்கு போட்டுச் சின்னச் சின்னதாக வார்த்தால் சில்லுக் கருப்பட்டி. பிள்ளைகளுக்குச் சாக்லேட்டுக்குப் பதில் அதைக் கொடுங்கள், முதலில் முகம் சுளிக்கும், மூன்றாவது துண்டை அதுவே எடுக்கும். ஆனால் ‘பனங்கிழங்கு கிடைக்குமா’ என்று மே மாதம் கேட்டுச் சிரிப்புக்கு ஆளாகாதீர்கள். அது பொங்கல் சமயத்துப் பொருள்.

குமரி மாவட்டத்துக்குப் போனால் மட்டி வாழைப்பழம். விரல் அளவு, தோல் மெல்லியது, வாசனை அறை முழுக்க நிற்கும். பலாவை அங்கே சக்கை என்பார்கள், மே மாதத்தில் வீட்டுக்கு வீடு கிடக்கும். கீழக்கரை வழியாகப் போனால் தொதல் வாங்குங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் மணிக்கணக்கில் கிண்டுகிற அல்வா மாதிரியான பண்டம். தூத்துக்குடி மக்ரூனில் மட்டும் கவனம், அதில் முந்திரியும் சர்க்கரையும் சேர்வது முட்டையின் வெள்ளைக்கருவோடு. ‘சைவம்தானே’ என்று ஒரு டப்பா தின்று முடித்த பிறகு என்னிடம் கேட்ட மாமி ஒருவர் உண்டு. நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

போன வருஷம் மே மாதம் போனோம். காலை பத்து மணிக்குக் கிளம்பி ஒவ்வொரு இடமாகப் பார்த்தோம். மதியத்துக்குள் பிள்ளைகள் துவண்டுவிட்டார்கள். இந்த வெயிலில் எதை, எப்படிப் பார்ப்பது?
– வாசகர், சேலம்

நீங்கள் கிளம்பிய பத்து மணிக்கு நான் திரும்பி வந்து குளித்துவிட்டுப் படுத்திருப்பேன்.

கோடையில் கடற்கரைக்கு ஒரு நாளில் இரண்டு பொழுதுதான் உண்டு. விடிவதற்கு அரை மணி முன்னாலிருந்து எட்டரை வரை ஒன்று. நாலரைக்கு மேல் இருட்டும் வரை இன்னொன்று. இடைப்பட்ட நேரத்தில் சாப்பிட்டுத் தூங்குங்கள். லீவில் தூங்குவது பாவமில்லை.

நாலரை ஏன் என்றால், பகலில் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகிறது. தரைக்கு மேலுள்ள சூடான காற்று எழும்பியதும் அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். ஆறாம் வகுப்பில் நான் படம் போட்டு நடத்தியதுதான். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கிலிருந்து அனல் காற்று பலமாக அடித்தால் கடல்காற்று உள்ளே வரத் திணறும், சில நாள் வரவே வராது. அன்றைக்கு ஐந்தரைக்குக் கிளம்புங்கள்.

காலைப் பொழுதுக்கு மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். கீழே குன்றின் கடலோரப் பக்கம் ஒரு குகை. 1542-இல் வந்த சவேரியார் தங்கியது என்பார்கள். நான் சொல்ல வந்தது குன்றின் உச்சியைப் பற்றி. ஒரு பக்கம் அலை அடித்து நுரைக்கும், மறுபக்கம் குளம் மாதிரி அமைதியாக வளைந்த கரை, அதில் வரிசையாக வள்ளங்கள். நடுவில் நீங்கள். ஏழு மணிக்கு அங்கே நின்றால் இரண்டு பக்கத்துச் சத்தமும் தனித்தனியாகக் காதில் விழும். எட்டரைக்கு மணல் சுட ஆரம்பித்துவிடும், இறங்கிவிடுங்கள்.

மாலைக்குத் தேரிக்காடு. திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழியைத் தாண்டினால் திடீரென்று மண் சிவப்பாகிவிடும். சாதாரணச் சிவப்பு இல்லை, குங்குமத்தைக் கொட்டிய மாதிரி. மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்த நிறம். மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல், இடையிடையே பனையும் முந்திரியும் உடைமரமும். சாயங்கால வெயில் பட்டால் அது எரிகிற மாதிரி இருக்கும். நான் முதன்முதலில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது ஒருத்தி, “டீச்சர், செவ்வாய்க் கிரகம் இப்படித்தான் இருக்குமா?” என்று கேட்டாள். நானும் செவ்வாய்க்குப் போனதில்லை என்றேன். நிறத்துக்கு அங்கேயும் இரும்புதான் காரணம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம், வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. மே கடைசியில் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பிடித்துவிட்டால் மட்டும் போகாதீர்கள். மணல் பறந்து கண்ணைத் திறக்க விடாது. மேடே இடம் மாறும். செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், உடைமுள் ஈவு இரக்கம் பார்க்காது.

தூத்துக்குடி உப்பளங்களையும் இந்தக் காலத்தில்தான் பார்க்க வேண்டும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வற்றி, அம்பாரம் அம்பாரமாக உப்பு குவித்திருக்கும். வெயில் ஏறினால் அந்த வெள்ளை கண்ணைக் கூசும் என்பதால் வேலைக்காரர்கள் விடியும் முன்பே இறங்கிவிடுவார்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாம் வேடிக்கை பார்க்கிற இடத்தில்தான் அவர்கள் காலெல்லாம் வெடித்து நிற்கிறார்கள்.

தனுஷ்கோடியை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
– வாசகி, மதுரை

முடியும். ரயிலில் போங்கள், அதுதான் முதல் காட்சியே. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பதில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்திருக்கிறார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் கீழே தண்டவாளம் தெரியாது, தண்ணீர்தான் தெரியும். சின்னப் பிள்ளைகள் கத்தும். பெரியவர்கள் கத்தாமல் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.

ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் 2017 முதல் தார் ரோடு இருக்கிறது. அதிகாலையில் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். நிழல் கிடையாது. சாயங்காலம் இருட்டும் முன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒரு பக்கம் அலையே இல்லாமல் கிடப்பதைப் பெண் கடல் என்பார்கள், அது பாக் விரிகுடா. மறுபக்கம் மோதுவது ஆண் கடல், மன்னார் வளைகுடா. (எங்கள் வீட்டில் நிலவரம் நேர்மாறு என்பதால் இந்தப் பெயர்கள் எனக்கு உடன்பாடில்லை.) 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ஊரும், ஊருக்குள் வந்துகொண்டிருந்த ரயிலும், அதிலிருந்த பயணிகளும் போய்விட்டார்கள். இடிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் மிச்சம். அவை பவளப்பாறைக் கல்லால் கட்டியவை, கிட்டப் போய்ப் பாருங்கள், கல்லில் பவளத்தின் கோடுகள் தெரியும். சுவர் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

அங்கே உள்ள பெண்கள் கடலுக்குக் கொஞ்சம் தள்ளி மணலில் ஊற்று தோண்டிக் குடிதண்ணீர் எடுப்பதைப் பார்த்தால் நில்லுங்கள். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். மெதுவாக அகப்பையால் அள்ளினால் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. திருச்செந்தூர் நாழிக்கிணறும் கடலுக்கு அருகேதான் இருக்கிறது, தண்ணீர் குடிக்கலாம்.

பூநாரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது குளிர்காலத்து விருந்தாளி. சாலையோரக் குடிசைக் கடைகளில் கண் முன்னால் பொரித்துத் தருகிற மீன் நன்றாக இருக்கும். அங்கேயும் நான் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான்.

கன்னியாகுமரியில் சூரியன் கடலில் உதித்துக் கடலில் மறையும் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். மே மாதம் போனோம். உதித்தது சரி, மறைந்தது கரைப் பக்கம். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஏமாற்றியது பூமி. மார்ச் 21 வாக்கில் சூரியன் நேர் மேற்கில் மறையும். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் வடக்கே தள்ளித் தள்ளிப் போகும், ஜூன் 21 வரை. குமரி முனையிலிருந்து மேற்குக் கரையோ வடமேற்காக வளைந்து போகிறது. ஆகவே மே, ஜூனில் சூரியன் கரையை ஒட்டி, தென்னந்தோப்புப் பக்கம் இறங்கும். கடலுக்குள் விழுவதைப் பார்க்க அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் போக வேண்டும். கோடையில்தான் போக முடியும் என்றால் சித்திரா பௌர்ணமி அன்று மாலை போங்கள். மேற்கே சூரியன் இறங்குகிற நேரத்தில் கிழக்கே கடலிலிருந்து நிலா எழும்பும். கூட்டம் இருக்கும், தள்ளுமுள்ளு இருக்கும், யாராவது உங்கள் காலை மிதிப்பார்கள். இருந்தாலும் போகலாம்.

பிள்ளைகள் கடலில் குளிக்க ஆசைப்படுகிறார்கள். எங்கே பாதுகாப்பு?
– வாசகி, கரூர்

உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில், அவர்கள் குளிக்கிற நேரத்தில், முழங்கால் அளவுக்கு. இதில் நான் கண்டிப்பு.

கோடையில் குமரிக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை பல நாள் ஓடிவந்து இங்கே திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை இப்படித்தான் அலை கொண்டுபோனது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. டிவியிலும் பேப்பரிலும் வரும், போகிற அன்று காலை பார்த்துவிடுங்கள். அதைவிடச் சுலபம், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிற பெரியவரிடம் “அண்ணாச்சி, இன்னைக்குக் கடல் எப்படி?” என்று கேட்பது. அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினால் பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் வேண்டாம்தான். ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகிற நீரோட்டத்தை இழுவை என்பார்கள். அதில் யாராவது மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து விலகிவிட வேண்டும்.

ஊருக்கு வாங்கி வர என்ன நல்லது?
– வாசகர், நாமக்கல்

கருப்பட்டி, தொதல், மக்ரூன். மக்ரூனைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், கடற்கரை ஈரத்தில் ஒரே நாளில் பிசுபிசுத்துவிடும். கருவாடு வாங்கினால் மூன்று பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டி, பஸ்ஸில் உங்கள் சீட்டுக்கு அடியில் வைக்காமல் வேறு யாருடைய சீட்டுக்காவது அடியில் வையுங்கள்.

டீச்சர், கடற்கரையில் நீங்கள் சாப்பிட்டதிலேயே மறக்க முடியாத சாப்பாடு எது?
– கல்லூரி மாணவி, விழுப்புரம்

அம்மா ஓலைப்பெட்டியில் மீன் சுமந்து உள்ளூர்க் கிராமங்களுக்கு நடந்து போய் விற்றவள். மத்தியானம் திரும்பும்போது பெட்டியில் ஏதாவது மிஞ்சியிருக்கும். யாருக்கும் பிடிக்காத மீன், வால் அறுந்த மீன், இரண்டு சாளை, ஒரு கிழங்கான், பெயர் தெரியாத ஒன்று. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, புளி கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து ஊற்றி, அடுப்பில் வைத்துவிட்டுத் திண்ணையில் கால் நீட்டி உட்காருவாள். நானும் தம்பியும் பழைய சோற்றைப் பிழிந்து தட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். நல்ல வியாபாரம் ஆன நாட்களில் பெட்டி காலியாக வரும், அன்றைக்குத் துவையல்தான். அதனால் அவள் தெருமுனையில் திரும்பும்போதே தலையில் பெட்டி எவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். கனமாக இருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு முப்பது வயதாகும் வரை தோன்றவே இல்லை.